ஏர்பேக் விளக்கும் 2.2 ஓம் ரெசிஸ்டரும்: பழைய கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

9 வயதான சிறிய ஹேட்ச்பேக் கார். மீட்டரில் 84,000 கிலோமீட்டர். வாங்கியவர் மூன்றாவது உரிமையாளர். முன்னால் இரண்டு ஏர்பேக், முன் இருக்கைகளின் பக்கவாட்டில் ஒவ்வொன்று, முன் சீட் பெல்ட் இரண்டிலும் பிரீடென்ஷனர் (மோதும்போது பெல்ட்டை இறுக்கும் கருவி) இருந்தன. காரை ஓட்டுபவர் உரிமையாளர். பக்கத்து இருக்கையில் பெரும்பாலும் அவருடைய அம்மா.

வாங்கிய அன்று இக்னிஷனைப் போட்டதும் டேஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, சுமார் 6 வினாடியில் அணைந்தது. வாங்குபவர் இதைக் கவனித்துப் பார்த்தார். அது நல்ல பழக்கம்தான். விளக்கு ஒருபோதும் எரியாத கார்களும் விற்பனைக்கு வருகின்றன: பல்பைக் கழற்றியிருப்பார்கள், அல்லது அதன் வயரைப் பக்கத்திலிருக்கும் இன்ஜின் ஆயில் எச்சரிக்கை விளக்கோடு இணைத்திருப்பார்கள். இரண்டு விளக்குகளும் ஒரே நொடியில் அணைந்தால் அந்த இணைப்பைச் சந்தேகிக்கலாம். இந்தக் காரில் அப்படி எதுவும் இல்லை. விளக்கு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

முதல் அறிகுறி

ஏழாவது வாரத்தில், குறுகிய இடத்தில் காரைத் திருப்பி நிறுத்தும்போது விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டு மறுபடி கிளப்பியதும் போய்விட்டது. அடுத்த 10 நாட்களில் மூன்று முறை வந்தது. அந்த நாட்களிலேயே ஹார்னும் சில சமயம் அடிக்கவில்லை. உரிமையாளர் இரண்டையும் தனித்தனிக் கோளாறாக நினைத்தார். ஹார்னைப் பற்றிப் பட்டறையில் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் பாதி நோய் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

விற்றவரைக் கேட்டபோது வந்த பதில்: "சீட்டுக்கு அடியில வயர் லூஸா இருக்கும் சார், ரீசெட் போட்டா போயிடும்."

விளக்கு எரியும்போது ஏர்பேக் விரியுமா, விரியாதா? சில கார்களில் பழுதான மின்சுற்று மட்டும் விலக்கப்படும், வேறு சிலவற்றில் முழு அமைப்பும் நின்றுவிடும். எது என்று உறுதியாகத் தெரியாதவரை எந்த ஏர்பேக்கும் வேலை செய்யாது என்றே கணக்கிட வேண்டும்.

முதல் பட்டறை

மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார், பழுதுக் குறியீடு இருப்பதைப் பார்த்தார், எழுதி வைக்காமல் அழித்தார். பிறகு இக்னிஷன் போட்டபடியே ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டரை (ஏர்பேக் வயரின் இணைப்பை) கழற்றி, ஸ்பிரே அடித்து, மாட்டி, கட்டு போட்டார். இக்னிஷனை அணைத்து மறுபடி போட்டதும் விளக்கு அணைந்தது, அப்படியே கொடுத்தார்.

இருக்கைக்கு அடியைச் சந்தேகித்தது நியாயமே. இருக்கையை முன்னும் பின்னும் தள்ளும்போது வயர் இழுபடும், தரைவிரிப்பில் ஈரம் ஏறும், சுத்தம் செய்கிறவர் கை பட்டு கனெக்டர் பாதி கழன்றிருக்கும். ஏர்பேக் விளக்குக்கு அடிக்கடி காணப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அழித்த குறியீடு எந்தச் சுற்றைக் காட்டியது என்று பார்க்காமல் வழக்கமான இடத்தில் கை வைத்தது தவறு. இக்னிஷன் போட்டபடி மஞ்சள் கனெக்டரைக் கழற்றியது அதைவிடப் பெரிய தவறு. ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும், கழற்றிய அந்த நிமிடத்தில் ஏர்பேக்குகளைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி புதிதாக ஒரு பழுதைப் பதிவு செய்துகொள்ளும். பிறகு பார்ப்பவருக்கு அது பொய்ச் சாட்சி.

விளக்கு 19 நாள் அணைந்திருந்தது.

இரண்டாவது பரிசோதனை

இரண்டாவது இடத்தில் முதலில் கேள்விகள் கேட்டார்கள். எப்போது எரிகிறது, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, ஹார்ன் அடிக்கிறதா, பேட்டரி எப்போது மாற்றியது. ஹார்ன் விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது.

அடுத்து ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசக்கூடிய ஸ்கேனர். மலிவான ஸ்கேனர்களில் பல இன்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். அவற்றில் "பழுது இல்லை" என்று வந்தால் ஏர்பேக்கைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை என்றே பொருள். இங்கே இரண்டு குறியீடுகள் கிடைத்தன. ஒன்று ஓட்டுநர் ஏர்பேக், முதல் நிலை, மின்தடை அதிகம், பலமுறை பதிவானது. மற்றொன்று ஓட்டுநர் பக்கவாட்டு ஏர்பேக் சுற்று. ஒரே ஒரு முறை பதிவாகி, பிறகு வரவில்லை. இரண்டாவது, முதல் பட்டறை விட்டுச்சென்ற தடம். எதையும் அழிக்குமுன் திரை முழுவதையும் படமெடுத்து வைத்தார்கள்.

பின்வருவது புரிய, பெட்டி எதை அளக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஏர்பேக்கிலும் தீமூட்டி இருக்கிறது; இரண்டு நிலைகளில் விரியும் ஏர்பேக்கில் நிலைக்கு ஒன்று. ஒவ்வொன்றின் மின்தடையும் ஏறக்குறைய 2 ஓம். பெட்டி தீமூட்டி வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தை விட்டு அந்தத் தடையை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். வரம்பைத் தாண்டினாலும் குறைந்தாலும் விளக்கைப் போடும். பையின் துணி கிழிந்ததா, பையை ஊதும் வாயு உருவாக்கி நல்லதா, பை அங்கே இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இக்னிஷனைப் போட்டு நேரடி அளவுகளைப் பார்த்தார்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது ஓட்டுநர் முதல் நிலை 2.6 ஓம். இடதுபக்கம் ஒன்றரைச் சுற்று திருப்பியதும் எண் ஏறி, பிறகு மின்சுற்று அறுந்ததாகக் காட்டியது. வலதுபக்கம் முழுதாகத் திருப்பினாலும் அசையவில்லை. மற்ற எல்லாச் சுற்றுகளும் 2.0 முதல் 2.4 ஓமுக்குள், வரம்பில் இருந்தன.

பழுதைப் பிரித்தெடுத்தது

ஸ்டீயரிங் சக்கரம் சுழல்கிறது, அடியிலுள்ள தண்டின் உறை சுழல்வதில்லை. இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தைக் கொண்டுபோவது கிளாக் ஸ்பிரிங்: கடிகாரச் சுருள்போல் சுற்றிவைத்த தட்டையான நாடாக் கேபிள். ஏர்பேக், ஹார்ன், ஸ்டீயரிங் பட்டன்கள் எல்லாம் இதன் வழியேதான் போகின்றன. ஆகவே ஹார்னும் ஏர்பேக் விளக்கும் சேர்ந்து தகராறு செய்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆனாலும் ஏர்பேக்கே பழுதாக இருக்கலாம், கீழேயுள்ள வயரிங்காகவும் இருக்கலாம். நடந்த சோதனை இது:

1. இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் எதிர் (நெகட்டிவ்) முனையைக் கழற்றினார்கள். அது தானாகத் திரும்பித் தொடாதபடி துணி சுற்றினார்கள். விபத்தில் பேட்டரி துண்டானாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காகப் பெட்டிக்குள் மின்தேக்கி இருக்கிறது. அது வடிய நேரம் வேண்டும். தயாரிப்பாளரைப் பொறுத்து 90 வினாடி முதல் பல நிமிடங்கள் வரை சொல்வார்கள். இங்கே 10 நிமிடம் காத்திருந்தார்கள்.

2. ஓட்டுநர் ஏர்பேக்கைக் கழற்றி, மூடிப் பக்கம் மேலே பார்க்கும்படி தனி மேசையில் வைத்தார்கள். தூக்கும்போது மூடி உடம்பைப் பார்க்கக்கூடாது, வயரைப் பிடித்துத் தூக்கக்கூடாது. கவிழ்த்து வைத்த பை விரிந்தால் முழுப் பொருளும் ராக்கெட்டாகக் கிளம்பும்.

3. கிளாக் ஸ்பிரிங்கின் மேல்முனையில் ஏர்பேக்குக்குப் பதில் 2 ஓம் சோதனைத் தடையை மாட்டி, பேட்டரியை இணைத்துப் பார்த்தார்கள். இடதுபக்கம் திருப்பியதும் அதே பழுது. ஆக, ஏர்பேக் குற்றவாளி இல்லை.

4. மறுபடி பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, சோதனைத் தடையைக் கிளாக் ஸ்பிரிங்குக்குக் கீழே, தண்டின் வயரிங்கில் மாட்டினார்கள். எவ்வளவு திருப்பினாலும் எண் அசையவில்லை. கீழ் வயரிங்கும் நல்லது. மிஞ்சியது கிளாக் ஸ்பிரிங்.

ஏர்பேக்கில் நேராக மல்டிமீட்டர் வைத்து ஓம் பார்ப்பதை யாரும் செய்யவில்லை, செய்யவும் கூடாது. மீட்டர் தன் பேட்டரியிலிருந்து தீமூட்டிக்குள் மின்னோட்டம் செலுத்தியே அளக்கிறது. எத்தனை மில்லியாம்பியர் போகும் என்று கையிலிருக்கும் மீட்டரை நம்பி முகத்துக்கு முன்னால் பரிசோதிக்கத் தேவையில்லை. சோதனைத் தடை இருப்பதே அதற்காகத்தான்.

கிளாக் ஸ்பிரிங்கைக் கழற்றியபோது காரணமும் தெரிந்தது. அது நடுநிலையில் பொருத்தப்படவில்லை. இந்த வகைச் சுருள் மொத்தம் சுமார் 5 சுற்று சுழலும். நடுவிலிருந்து இருபுறமும் இரண்டரை. இங்கே நடு ஒரு முழுச் சுற்று தள்ளியிருந்தது. ஒவ்வொரு முறை முழுதாக இடது திரும்பும்போதும் நாடா இழுபட்டு, உள்ளே ஒரு கம்பிப்பட்டை விரிசல் கண்டிருந்தது. சக்கரத்தின் போல்ட்டில் பழைய ஸ்பேனர் காயம். யாரோ முன்பே ஸ்டீயரிங்கைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன்?

பொருந்தாத மூன்று

இந்தக் கேள்வி எழாமல் புதிய கிளாக் ஸ்பிரிங்கைப் போட்டுக் கொடுத்திருந்தால் விளக்கு அணைந்திருக்கும், எல்லோரும் நிம்மதியாகப் போயிருப்பார்கள். மேசைமேல் கிடந்த ஏர்பேக்கின் பின்பக்க லேபிளைத் தொழில்நுட்பர் படித்தார். உற்பத்தித் தேதி காருக்கு இரண்டு ஆண்டு பிந்தியது. தொழிற்சாலையிலிருந்து வந்த ஏர்பேக் காரைவிட இளையதாக இருக்க வழியில்லை.

பக்கத்து இருக்கை சீட் பெல்ட்டை அடிவரை இழுத்து, தைத்திருக்கும் லேபிளைப் பார்த்தார்கள். அதுவும் காருக்குப் பிந்தியது. ஓட்டுநர் பெல்ட் மட்டும் கார் தயாரான காலத்தது.

மூன்றாவதாக, ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவாகியிருந்த 17 எழுத்து வாகன அடையாள எண்ணை (இனி வாகன எண்) ஸ்கேனரில் வாசித்து, கண்ணாடிக்குக் கீழே அடித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டார்கள். கடைசி ஆறு எழுத்துகள் வேறு. பெட்டி இன்னொரு காருடையது. ஏர்பேக் விரிந்த விபத்துக்குப் பிறகு பெட்டி அந்தப் பதிவைப் பூட்டிவைத்துக்கொள்ளும், சாதாரண ஸ்கேனர் அதை அழிக்காது. அதனால்தான் பழைய பெட்டியைத் தூக்கிப்போட்டு உடைப்பு வண்டியிலிருந்து ஒன்றை மாட்டுவது நடக்கிறது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கார் ஒரு முன்பக்க மோதலைக் கண்டிருக்கிறது, ஏர்பேக் விரிந்திருக்கிறது. அப்படியானால் பக்கத்து இருக்கை ஏர்பேக்? திரையில் அதன் இரண்டு நிலைகளும் 2.3 ஓம், 2.3 ஓம். மின்சாரக் கணக்கில் குறையே இல்லை.

கிளவ் பாக்ஸுக்குப் பின்னால்

பேட்டரியை மறுபடி கழற்றி, காத்திருந்து, கிளவ் பாக்ஸை வெளியே எடுத்தார்கள். ஏர்பேக் இருக்க வேண்டிய உலோகப் பெட்டி காலி. மஞ்சள் வயர் இரண்டு சோடியும் கனெக்டர் வெட்டப்பட்டு, கறுப்பு டேப்புக்குள் ஆளுக்கு ஒரு சிறு ரெசிஸ்டர் (மின்தடைத் துண்டு). வண்ணப் பட்டைகள் சிவப்பு, சிவப்பு, தங்கம், தங்கம்: 2.2 ஓம். கட்டுப்பாட்டுப் பெட்டி இவ்வளவு காலமும் இந்த இரண்டு துண்டுகளை அளந்து "ஏர்பேக் நலம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

டேஷ்போர்டின் மேற்பரப்பில் வெளியே எதுவும் தெரியவில்லை. உள்ளே, ஏர்பேக் கிழித்துக்கொண்டு வந்த இடத்தை இழைநாரும் பூச்சும் கொண்டு அடைத்து, மேலே புதிய தோல் ஒட்டியிருந்தார்கள்.

இந்த மோசடியில் ஒரு தர்க்கம் உண்டு. மோதலில் இயங்கிய பிரீடென்ஷனர் பெல்ட்டை இறுக்கிவிடும், வாங்க வருபவர் இழுத்ததும் தெரிந்துவிடும்; ஆகவே பெல்ட்டை மாற்றினார்கள். ஸ்டீயரிங் மூடி கண்முன் இருப்பது. ஆகவே அங்கே ஒரு பழைய ஏர்பேக். பக்கத்து ஏர்பேக்கை யாரும் பார்ப்பதில்லை. அங்கே இரண்டு ரெசிஸ்டர். அவசரத்தில் கிளாக் ஸ்பிரிங்கின் நடுவைக் கவனிக்காமல் போனது மட்டும்தான் அவர்களுடைய பிழை.

முடிவுகளும் காரணங்களும்

அன்றே கார் நிறுத்தப்பட்டது. பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டு ஓட்டலாமா என்று உரிமையாளர் கேட்டார். ஓட்டுநர் சுற்று இடது திருப்பத்தில் அறுகிறது, பெட்டியின் பூர்விகம் தெரியாது, முன் மோதல் உணரியையும் இன்னும் பார்க்கவில்லை. ஓட்ட வேண்டாம் என்பதே ஆலோசனை; ஏற்றுக்கொண்டார்.

முன் பம்பரைக் கழற்றியதில் உணரியின் தாங்கி வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தது. உணரி எந்தத் திசையைப் பார்த்து, எவ்வளவு இறுக்கமாக அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அது மோதலை உணரும். அதனால் தாங்கியும் உணரியும் மாற்றும் பட்டியலில் சேர்ந்தன.

நீண்ட விவாதம் ஓட்டுநர் ஏர்பேக்கைப் பற்றி. மின்தடை சரி, மூடி சரி, மாட்டினால் வேலை செய்யக்கூடும். செலவைக் குறைக்க அதை விட்டுவிடலாம் என்று உரிமையாளர் விரும்பினார். எதிர்வாதம் டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் வாயு உருவாக்கிகளின் வரலாறு. அமோனியம் நைட்ரேட் அடைத்த அவற்றில் பல, ஆண்டுக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, விரியும்போது உலோகக் கூடே வெடித்துச் சிதறின. உலகெங்கும் பல கோடி கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் அந்நிறுவனம் திவாலானது. திரும்ப அழைப்பை வாகன எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். ஆனால் அந்தச் சோதனை, கார் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பாகத்துக்குத்தான் பொருந்தும். வேறு காரிலிருந்து பிடுங்கி மாட்டிய ஏர்பேக்கைப் பற்றி இந்தக் காரின் எண் எதுவும் சொல்லாது. பூர்விகம் தெரியாத வெடிபொருளை ஓட்டுபவரின் நெஞ்சுக்கு நேரே வைக்க வேண்டாம் என்று முடிவானது.

டேஷ்போர்டையும் முழுதாக மாற்ற வேண்டியிருந்தது. அடைத்த இடம் ஏர்பேக்கைத் தடுக்கலாம், அல்லது துண்டுகளாகப் பறக்கலாம். செலவில் பெரும்பகுதி அதுதான்.

இறுதிப் பட்டியல்: முன் ஏர்பேக் இரண்டு, கிளாக் ஸ்பிரிங், கட்டுப்பாட்டுப் பெட்டி, முன் உணரியும் தாங்கியும், பக்கத்து இருக்கை பெல்ட், டேஷ்போர்டு, பக்கத்து ஏர்பேக் வயரிங் பகுதி. எல்லாம் புதியவை, இந்த வாகன எண்ணுக்கு உரியவை. மொத்தச் செலவு காரின் அப்போதைய மதிப்பில் பாதியை நெருங்கியது. திருப்பிக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம் என்று வாதிடலாம். ஆனால் விற்றவர் வாங்கிக்கொள்ள மறுத்தார். உண்மையை மறைத்து இன்னொருவர் தலையில் கட்ட உரிமையாளருக்கு மனமில்லை.

வேலை நடந்த விதம்

பெரும்பாலும் வழக்கமான வேலை. மூன்று இடங்களில் மட்டும் கவனம் தேவைப்பட்டது.

வெட்டிய வயர்களை முறுக்கி ஒட்டவில்லை. 2 ஓம் சுற்றில் தளர்ந்த ஓர் ஒட்டு அரை ஓம் சேர்த்தாலே கணக்கு வரம்பை நோக்கி நகரும். மேலும் மஞ்சள் கனெக்டருக்குள் ஒரு குறுக்குப் பட்டை உண்டு: கனெக்டரைக் கழற்றியதும் இரு முனைகளையும் இணைத்து, நிலைமின்சாரத்தால் ஏர்பேக் வெடிக்காமல் காக்கும். வெட்டி ஒட்டியதில் அந்தக் காப்பு போயிருந்தது. ஆகவே வயரிங்கின் அந்தப் பகுதியே மாற்றப்பட்டது.

புதிய கிளாக் ஸ்பிரிங் நடுநிலைப் பூட்டோடு வந்தது. முன் சக்கரங்களை நேராக்கிய பிறகே அதை அமர்த்தி, கடைசியில் பூட்டை எடுத்தார்கள். முதலிலேயே எடுத்துவிட்டால் கை பட்டுச் சுழலும், பழைய கதை திரும்பும். ஸ்டீயரிங்குக்குப் புதிய போல்ட், கையேட்டு அளவுக்கு இறுக்கம். திருப்புக்கோண உணரியை ஸ்கேனரில் அளவு திருத்தம் செய்தார்கள்.

கட்டுப்பாட்டுப் பெட்டி அம்புக்குறி முன்னோக்கி இருக்க, தரையில் பெயின்ட் இல்லாத உலோகத்தோடு ஒட்டி அமர வேண்டும். எல்லாம் மாட்டி முடித்த பிறகே பேட்டரி. காருக்குள் யாரும் இல்லை. முதல் முறை இக்னிஷனைக் கதவுக்கு வெளியே, பக்கவாட்டிலிருந்து கை நீட்டிப் போட்டார்கள். விளக்கு 6 வினாடி எரிந்து அணைந்தது. பெட்டிக்கு வாகன எண் எழுதப்பட்டு, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, இருக்கைகளை ஓட்டி, குறியீடு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு சோதனை ஓட்டம்.

கழற்றிய ஓட்டுநர் ஏர்பேக் குப்பைக்குப் போகவில்லை. அதற்கான ஏற்பாடுள்ள சேவை மையத்தில் கட்டுப்பாட்டோடு விரித்து அழிக்கக் கொடுத்தார்கள்.

விற்றவர்

"எனக்கு வந்த மாதிரியே கொடுத்தேன்" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். ரெசிஸ்டரை எந்த உரிமையாளர் காலத்தில் வைத்தார்கள் என்று நிறுவ முடியவில்லை. படங்கள், இரண்டு வாகன எண்கள், லேபிள் தேதிகள், டேப்போடு கூடிய ரெசிஸ்டர்கள் ஆகியவை எழுத்து அறிக்கையாகப் போன பிறகு, பழுதுச் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தந்து முடித்துக்கொண்டார்.

வேறு விதமாகச் செய்யக்கூடியவை

வாங்கும் முன் ஏர்பேக் பெட்டியிலுள்ள வாகன எண்ணைப் படித்திருந்தால் இரண்டு நிமிடத்தில் கதை முடிந்திருக்கும். எல்லாப் பெட்டிகளும் இதைக் காட்டுவதில்லை. காட்டாவிட்டால் சீட் பெல்ட் லேபிள் தேதிகள் போதுமான துப்பு. அதற்கு ஸ்கேனரும் வேண்டாம். கிளவ் பாக்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பது பல கார்களில் கால் மணி நேர வேலை. கனெக்டரைத் தொடாமல் பார்க்க மட்டும் செய்யலாம்.

முதல் பட்டறை குறியீட்டை எழுதி வைத்திருந்தால் 19 நாள் மிச்சம். அந்த 19 நாளும் அம்மா காலியான பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பயணம் செய்தார்.

இரண்டாவது இடத்திலும் ஒரு குறை உண்டு. லேபிள்களைப் பார்க்கும் எண்ணம், கழற்றிய ஏர்பேக் தற்செயலாகக் கைக்கு எட்டும்படி மேசையில் கிடந்ததால்தான் வந்தது. பழுது இருக்கைக்கு அடியில் இருந்திருந்தால் யாரும் ஸ்டீயரிங்கைத் திறந்திருக்க மாட்டார்கள். இப்போது அங்கே, ஏர்பேக் விளக்கோடு எந்தப் பழைய கார் வந்தாலும், குறியீடு எந்தச் சுற்றைச் சொன்னாலும், பெட்டியின் வாகன எண்ணும் நான்கு பெல்ட் லேபிள்களும் வேலை அட்டையில் முதல் வரி.

பிந்தைய நிலை

எட்டு மாதம் கழித்து ஒரு காலை விளக்கு மீண்டும் எரிந்தது. உரிமையாளர் ரீசெட் கேட்கவில்லை. குறியீட்டைப் படித்துச் சொல்லச் சொன்னார். மின்னழுத்தம் குறைவு என்று வந்தது. கிளப்பும்போது பேட்டரி 9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பேட்டரியை மாற்றி, குறியீட்டை எழுதி வைத்து, பிறகு அழித்தார்கள். அதன் பின் வரவில்லை.